மானும் துவக்கும் மரபும்

மரபு என்ற சொல்லைக் கேட்டவுடனே தலைவணங்குவோரும், அதே சொல்லைக் கேட்டவுடனே முகஞ்சுளிப்போரும் நம்மிடையே உளர். முன்னவர் முன்னோர் செய்தனவெல்லாம் சரியென்பர். பின்னவர் அவையெல்லாம் அறியாமையின் விளைவென்பர். இவ்விரு சாராரும் ஒரு வகையில் ஒற்றுமையுடையர். ஆராய்தல் என்னும் உழைப்பிலிருந்து இருவருமே விலக்குப் பெற்றுக்கொள்கின்றனர். முன்னோர் செய்த ஒரு செயல் எச்சூழ்நிலையில், எத்தகைய வாழ்க்கை முறையில், யாருடைய நலன் கருதிச் செய்யப்பட்டது என்று கேட்கும் பொறுமை இருவருக்கும் இல்லை. அண்மையில் வகுப்பறையில் எழுந்த ஒரு வினா, அப்பொறுமை நமக்கும் போதாது என்பதை உணர்த்திற்று.

உயர்தர வகுப்பிலே திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தை நாம் நடத்திக்கொண்டிருந்தோம். பத்துக் குறள்களையும் பொருள் கூறி முடித்து, கொல்லாமையின் சிறப்பினைச் சற்று உணர்ச்சியுடனேயே விளக்கினோம். கடைசி வாங்கிலிருந்த வன்னிக் கிராமத்து மாணவன் ஒருவன் எழுந்தான். வகுப்பில் அதிகம் பேசாதவன் அவன். “சேர், எங்கட அப்பு மான் சுட்டுத்தான் எங்கட ஐயாவை வளர்த்தவர். அப்ப அவர் பாவியோ?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. நாம் ஏதோ சமாதானம் கூறினோம், மணியும் அடித்தது. ஆயினும் அவ்வினா மணியோசையுடன் முடிந்துவிடவில்லை. பல்கலைக்கழகத்தில் குறளுக்குப் பத்து உரைகளைப் படித்திருந்தும், ஓர் ஏழை வேட்டைக்காரனின் பேரனுக்குச் சொல்ல நம்மிடம் நேரிய ஒரு விடை இருக்கவில்லை. அவ்விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

அந்த அப்பு செய்த வேட்டை எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பின்னொரு நாள் அம்மாணவனுடைய வீட்டுக்குச் சென்றோம். அவனுடைய அப்பாச்சி இன்றும் இருக்கின்றார். அவர் கூறியவற்றையும் அவ்வூர் முதியோர் கூறியவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு வாழ்க்கைமுறை தெளிவாகின்றது. மாரியில் வயல், கோடையில் சேனை, தேன், விறகு, வேட்டை. மழை பொய்த்த ஆண்டிலே நெல் இல்லை. ஆனால் காடு இருந்தது. ஆடி, ஆவணியில் காட்டின் மோட்டைகள் ஒவ்வொன்றாக வற்ற, எஞ்சிய நீர்நிலையைத் தேடிப் புள்ளிமானும் மரையும் பன்றியும் வரும். காற்றுக்கு எதிர்ப்புறத்து மரத்திலே பரண் கட்டி, இருமலை அடக்கி, புகையிலையைத் தவிர்த்து, இரவு முழுவதும் காத்திருப்பர். பல இரவுகளில் வெறுங்கையுடனே திரும்புவர்.

அவர்கள் வைத்திருந்த துவக்கு, வாயால் மருந்திடப்படும் பழைய துவக்கு. இடித்து நிரப்பப்படுவதாற் போலும், அதனை இடியன் என்பர். குழலின் வாய் வழியே கருமருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பினை வைத்து, இரும்புக் கம்பியால் இடித்து இறுக்கி, ஈயச் சன்னங்களை இட்டு, அவை உருண்டு விழாதபடி மீண்டும் தும்பு வைத்து அடைப்பர். அடிப்புறத்துச் சிறு முலையிலே கேப்பினைப் பொருத்தி, குதிரையை இழுத்து விட்டால் வெடிக்கும். அதுவும் மருந்து ஈரப்பட்டிருக்கவில்லையெனில் மாத்திரமே. ஒரு முறை வெடித்தபின் மீண்டும் நிரப்புவதற்குள் மான் அடுத்த காட்டுக்குப் போய்விடும். எனவே ஓர் இரவுக்கு ஒரே வெடி. அந்த ஒரு வெடிக்குரிய மருந்தும் ஈயமும் காசு கொடுத்து வாங்கப்பட்டவை. அக்காசு கடனாகப் பெறப்பட்டது.

விழுந்த மான் ஒரு வீட்டுக்கு உரியதன்று. சுட்டவனுக்கு ஒரு பங்கு, துவக்குக்கு ஒரு பங்கு, சுமந்தவனுக்கு ஒரு பங்கு. பிள்ளை பெற்றிருக்கும் வீட்டுக்கும் கணவனை இழந்தவள் வீட்டுக்கும் கேளாமலே ஒரு துண்டு. எஞ்சியதை உப்பிட்டு வற்றலாக்கி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவர். துவக்கோ தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. அதனுடன் எந்த மோட்டை எப்போது வற்றும், காற்று எப்போது திரும்பும், குட்டியுடன் வரும் பிணையை ஏன் விட்டுவிட வேண்டும் என்னும் அறிவும் வந்தது. இதனையே அம்மாணவனின் குடும்பத்தார் ‘எங்கட பரம்பரை வழக்கம்’ என்கின்றனர்.

இனி, வேட்டையின் மறுபக்கத்தைக் காண்போம். நமது பழைய நூல்களிலே வேட்டையாடுவோர் பெரும்பாலும் அரசர்களே. மகாபாரதத்துப் பாண்டு, புணர்ச்சியிலிருந்த மானினை எய்து சாபம் பெற்றான். இராமாயணத்துத் தசரதன், ஓசையைக் கேட்டு விலங்கெனக் கருதி அம்பெய்து, பெற்றோருக்கு நீர் மொள்ள வந்த சிறுவனைக் கொன்றான். இலங்கையின் வரலாற்றைக் கூறும் மகாவம்சம், தேவநம்பியதீசன் மகிந்த தேரரை மிகிந்தலையிலே சந்தித்தபோது மான்வேட்டையில் ஈடுபட்டிருந்தான் என்கின்றது. மூவருள் ஒருவனேனும் பசியால் வேட்டைக்குச் சென்றவனல்லன். அவர்களுக்கு அது விளையாட்டு, போருக்குப் பயிற்சி, காடும் தமதே என்று காட்டும் ஓர் ஊர்வலம்.

இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஒரு காட்சி புறநானூற்றின் 320ஆம் பாட்டிலே உண்டு. வேடன் ஒருவன் முற்றத்து நிழலிலே அயர்ந்து உறங்குகின்றான். மற்ற மான்களை ஈர்ப்பதற்கென அவன் வளர்த்த பார்வை மானுடன், காட்டுக் கலைமான் ஒன்று வந்து கூடி விளையாடுகின்றது. வேடனின் மனைவி அதனைக் காண்கின்றாள். தான் அசைந்தால் கணவன் விழித்துக்கொள்வான். கலையும் பிணையைப் பிரிந்து ஓடிவிடும். இரண்டுக்கும் அஞ்சி அவள் அசையாதிருக்கின்றாள். மான்தோலிலே உலர்த்தியிருந்த தினையைக் காட்டுக் கோழியும் இதலும் தின்றுபோகின்றன. அப்போதும் அவள் அசையவில்லை. மானைக் கொன்று வாழும் குடிசை அது. தினை உலரும் பாயே மான்தோல். ஆயினும் கொல்லலாகாத ஒரு பொழுது உண்டென்பதை அவள் அறிந்திருந்தாள். பாண்டு மன்னனுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

மன்னர்கள் வேட்டையாடியதோடு நின்றுவிடவில்லை. பிறர் வேட்டையாடுவதைத் தடுக்கவும் செய்தனர். இதற்கு ஐரோப்பிய வரலாறு நல்ல சான்று. 1525இல் ஜெர்மானிய விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது தமது கோரிக்கைகளைப் பன்னிரண்டு விதிகளாக வகுத்தனர். அவற்றுள் நான்காவது, காட்டு விலங்கும் பறவையும் மீனும் ஏழைக்கு மறுக்கப்படலாகாது என்பதே. பிரபுவின் மான் விவசாயியின் பயிரைத் தின்னலாம். விவசாயி அம்மானைத் தின்னலாகாது. இங்கிலாந்திலே 1723இல் இயற்றப்பட்ட கறுப்புச் சட்டம், முகத்திலே கரி பூசிக்கொண்டு மான் வேட்டைக்குச் சென்றவனுக்குத் தூக்குத் தண்டனையை விதித்தது. 1842இல் ரைன்லாந்துப் பத்திரிகையொன்றில் இளைஞரான கார்ல் மார்க்ஸ் எழுதிய தொடக்கக் கட்டுரைகளுள் ஒரு தொடர், காட்டிலே விறகு பொறுக்குதல் களவாக்கப்பட்டதைப் பற்றியது. தலைமுறை தலைமுறையாக ஏழைகளின் வழக்குரிமையாக இருந்த ஒரு செயல், காடு தனியுடைமையானதும் ஒரே நாளிற் குற்றமாகிவிடுகின்றது. செயல் மாறவில்லை, காட்டின் உடைமையாளனே மாறினான்.

நம் நாட்டிலும் இதுவே நடந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத காடுகளையும் தரிசுகளையும், மறுப்பதற்குச் சான்று இல்லாதவிடத்து, முடிக்கு உரியவையெனக் கருதிற்று. அக்காணிகள் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. மலைநாட்டுக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. அவற்றை வெட்டும் வேலையில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் தொழிலாளரும் ஈடுபடுத்தப்பட்டனர். அதே காலத்தில் நுவரெலியாவிலே குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், வேட்டைநாய்க் கூட்டத்துடன் மலைக்காடுகளிலே மரைகளைத் துரத்திச் சென்று கத்தியாற் குத்திக் கொன்றதைப் பெருமையுடன் எழுதி, 1850களிலே நூலாக வெளியிட்டார். மேஜர் ரோஜர்ஸ் என்னும் அதிகாரி 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றாரென்று சொல்லப்படுகின்றது. அவர்களை ஒருவரும் கள்ள வேட்டைக்காரர் என்று அழைக்கவில்லை.

விலங்குகள் அருகத் தொடங்கிய பின்பே பாதுகாப்பு என்னும் எண்ணம் எழுந்தது. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பட்டது. நிறுவியோருட் பலர் தாமே வேட்டையாடியவர். யாலக் காட்டின் ஒரு பகுதி, உள்நாட்டிலே வதியும் ‘விளையாட்டு வேட்டைக்காரருக்கு’ என ஒதுக்கப்பட்டது. 1937இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. இவற்றால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. இவை இல்லையெனில் இன்று நமது பிள்ளைகள் புள்ளிமானைப் புத்தகத்திலே மட்டும் கண்டிருத்தல் கூடும். ஆனால் ஒருவன் கொன்றால் விளையாட்டு, மற்றொருவன் கொன்றாற் களவு என்று பிரித்த அளவுகோல், மானின் உயிர்மீது கொண்ட இரக்கத்தால் அமைந்ததன்று.

ஹம்பாந்தோட்டையில் அரசாங்க உதவி அதிபராகப் பணியாற்றிய லியோனாட் வூல்ப் 1913இல் வெளியிட்ட நாவலின் நாயகனான சிலிந்து ஒரு வேடன். காட்டு விலங்குகளைத் தன் உறவினர்போற் கருதுபவன். ஊர்த் தலைவனும் கடன்கொடுத்த வெளியூரானும் சேர்ந்து அவனை நசுக்குகின்றனர். சேனைக்கு அனுமதி மறுக்கப்படுகின்றது. இறுதியில் அவன் மானைச் சுட்ட துவக்கினாலேயே அவ்விருவரையும் சுடுகின்றான். ஆட்சி இயந்திரத்தின் உள்ளேயிருந்த ஒருவருக்கே இது புலப்பட்டிருக்கின்றது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, தம் மூதாதையர் வேட்டையாடிய நிலத்திலே வேடர் சமூகத்தினர் அத்துமீறி நுழைவோராயினர். அதே ஆண்டுகளிலே மகாவலித் திட்டத்துக்காகப் பெருங்காடுகள் அழிக்கப்பட்டன. அம்பால் அழிந்த மான்கள் எத்துணை, காடழிப்பால் அழிந்த மான்கள் எத்துணை என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

இதுவரை கூறியதைக் கொண்டு, “ஆகவே அப்பு குற்றமற்றவர், வேட்டை ஏழையின் உரிமை, வழக்கம் தொடர்க” என்று முடித்துவிடுதல் எளிது. முற்போக்காளர் எனப்படுவோர் பலரும் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். நாமும் நின்றுவிட விரும்பினோம். ஆயினும் இரண்டு தடைகள் உள.

முதலாவது, மான். அரசன் எய்தாலும் ஏழை சுட்டாலும் சன்னம் தைத்த மானின் வேதனை ஒன்றே. பழைய துவக்கின் வெடி எப்போதும் இதயத்திலே படுவதில்லை. வயிற்றிலே காயம்பட்ட மான் விடியும்வரை ஓடி, பற்றைக்குள் விழுந்து, எறும்பு மொய்க்கக் கிடந்ததைத் தாம் கண்டதாக ஒரு முதியவர் தாமாகவே நம்மிடம் கூறினார். வர்க்க ஆராய்ச்சி, தண்டனையின் அநீதியை நமக்கு விளக்கும். உயிரின் வலியை அது இல்லாமற் செய்துவிடாது. வள்ளுவரை மேல்வர்க்கத்தின் அறநூலாசிரியரென்று ஒதுக்கிவிட்டாலும், அவர் எழுப்பிய வினா அங்கேயே நிற்கும்.

இரண்டாவது, ‘பரம்பரை வழக்கம்’ என்னும் வாதம். சாதியும் நமது பரம்பரை வழக்கமே. சீதனமும் பரம்பரை வழக்கமே. கோயிற் கதவை ஒரு பகுதியினருக்கு அடைத்து வைத்ததும் பரம்பரை வழக்கமென்றே நியாயப்படுத்தப்பட்டது. அங்கெல்லாம் இவ்வாதத்தை எதிர்த்த நாம், துவக்கின் முன்னால் மட்டும் அதனை ஏற்றுக்கொள்ள முடியாது. ஒரு செயல் பழையதென்பது, அது ஏன் தோன்றியது என்று விசாரிப்பதற்குக் காரணமாகலாம். அது சரியென்பதற்குச் சான்றாகாது. மேலும் நம் மரபு ஒரு குரலில் பேசுவதுமன்று. புலால் மறுத்தலைப் பாடிய வள்ளுவரும் நம் மரபினரே. தான் வேட்டையாடிய ஊனைச் சுவைத்துப் பார்த்து இறைவனுக்குப் படைத்த கண்ணப்பரும் நம் மரபினரே. வேடர் குலத்து வள்ளியை மானின் வயிற்றிற் பிறந்தவளென்று நமது புராணம் கூறுகின்றது. எந்த மரபினைப் பின்பற்றுவதென்று தெரிந்தெடுக்கும் பொறுப்பினை மரபே நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளாது.

மான்வேட்டையைக் குடும்ப மரபாக இன்றும் வெளிப்படையாகப் போற்றும் நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்குள்ளோரின் வாதத்தையும் கேட்டுப் பார்ப்பது முறை. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கொன்சின் முதலிய மாநிலங்களிலே இலையுதிர் காலம் பிறந்ததும் பாட்டனும் தந்தையும் மகனும் காட்டிலுள்ள குடிலுக்குச் செல்வர். 1894இல் வெளிவந்த வின்செஸ்ரர் துவக்கு 70 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. பாட்டனின் பெயர் பொறித்த அத்துவக்கு பேரனின் கையிலே இருக்கும். பென்சில்வேனியாவிலே 1974 முதல், தீக்கல்லினாற் பொறி எழுப்பும் வாய்மருந்துத் துவக்குக்கென்றே தனியான ஒரு வேட்டைப் பருவம் உண்டு. பழைய கருவியாலே வேட்டையாடுவதில் நேர்மை மிகுதி, மானுக்கும் தப்பிக்க வாய்ப்புண்டு என்பது அவர்களது கருத்து.

ஆனால் அந்த மண்ணின் வரலாற்றினைச் சற்றுத் தோண்டினால் வேறொன்று தெரியும். 18ஆம் நூற்றாண்டிலே தென்கிழக்கு அமெரிக்காவின் கிரீக், செரோக்கி மக்கள் துவக்குக்கும் மருந்துக்கும் துணிக்கும் மாற்றாக மான்தோலை ஐரோப்பிய வணிகருக்குக் கொடுத்தனர். உணவாக இருந்த மான் பண்டமாயிற்று. தோல் குறையக் குறையக் கடன் ஏறிற்று. 1773இல் அக்கடனைத் தீர்ப்பதற்காக ஏறத்தாழ 20 இலட்சம் ஏக்கர் நிலத்தை அவர்கள் கொடுக்க நேர்ந்தது. துவக்கு வந்த வழியே நிலம் போயிற்று. அடுத்த நூற்றாண்டிலே சந்தைக்காகச் செய்யப்பட்ட வேட்டையால், 1900ஆம் ஆண்டளவில் அந்நாடு முழுவதிலும் வெண்வால் மான்கள் ஏறக்குறைய 5 இலட்சமே எஞ்சியிருந்தன என்று மதிப்பிடுவர்.

அவற்றை மீட்டது சட்டம். 1900இன் லேசி சட்டம், களவாகக் கொல்லப்பட்ட விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுத்தது. 1937இன் ஒரு சட்டம், துவக்குகள்மீதும் தோட்டாக்கள்மீதும் அறவிடப்பட்ட வரியை விலங்குப் பாதுகாப்புக்கென ஒதுக்கிற்று. இன்று அங்கு ஏறத்தாழ 3 கோடி மான்கள் உள. மானை உண்ணும் ஓநாய்களை மனிதர் பெரும்பாலும் அழித்துவிட்டமையால், மான் பெருகி இளமரங்களைத் தின்று காட்டினையே மெலியச் செய்கின்றது. ஆகவே ஓநாயின் வேலையை வேட்டைக்காரன் செய்கின்றான் என்பர். இவ்வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. எனினும் அதிலிருந்து பெறவேண்டிய பாடம் என்ன? மானை மீட்டது பாட்டன் துவக்கன்று. துவக்குகள் அனைத்தையும் கட்டுப்படுத்திய பொது விதியே. அத்துடன், ஓநாயற்ற நாட்டின் நியாயம் சிறுத்தை இன்னும் வாழும் நாட்டுக்குப் பொருந்தாது. இலங்கையிலே குறைந்துவருவது காடு. மான் மிகுந்துவிட்டதென்று இங்கு வேட்டையை நியாயப்படுத்த முடியாது.

பழைய கருவியைப் பற்றி ஒரு சொல். வாய்மருந்துத் துவக்கின் கேப்புக்கு மூலமான கண்டுபிடிப்பைச் செய்தவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த போர்சைத் என்னும் மதகுரு. தீக்கல்லின் ஒளியைக் கண்டு பறவைகள் தப்பிப் பறந்துவிடுவது அவருக்குப் பெருங்குறையாக இருந்தது. ஆகவே அடித்தாலே வெடிக்கும் மருந்தினைப் பயன்படுத்தும் முறையைக் கண்டு, 1807இல் காப்புரிமை பெற்றார். அம்முறையிலிருந்து வளர்ந்த கேப்பு சில பத்தாண்டுகளில் உலகப் படைகளுக்கெல்லாம் பரவிற்று. ஆகவே ‘பழைய துவக்கு’ என்று இன்று நாம் பரிவுடன் நோக்குவதும், தன் காலத்தில் விலங்கின் தப்பும் வழியை அடைப்பதற்கு வந்த புதுமையே. வில்லேந்தியவன் தன் பாட்டனின் வில்லைப் புகழ்ந்து, இடியனைப் பழித்திருப்பான். எந்தக் கருவியின் பழமையிலும் அறம் குடிகொண்டிருப்பதில்லை.

இங்கே ஒரு நுண்ணிய பொருளைக் கவனித்தல் வேண்டும். ஓர் இரவுக்கு ஒரே வெடி என்றிருந்த அப்புவிடம் நாம் அடக்கத்தைக் காண்கின்றோம். அது அவருடைய அடக்கமா, துவக்கின் அடக்கமா? பத்து மான்களைக் கொல்ல இயலாதவன் ஒன்றைக் கொன்றதனை அறமென்று எவ்வாறு கூறுவது? இயலாமை அறமாகாது. செய்ய இயன்றும் செய்யாது விடும்போதே அறம் தொடங்குகின்றது. புறநானூற்று வேடன் மனைவி கணவனை எழுப்பியிருக்கலாம், எழுப்பவில்லை. அங்கேதான் அறம் இருக்கின்றது.

இதன் உண்மையை இன்றைய நிலை காட்டுகின்றது. இயலாமை நீங்கியதும் வழக்கத்தின் அடக்கமும் நீங்கிவிட்டது. தலையிலே மின்விளக்கைக் கட்டி மானின் கண்ணைக் கூசச்செய்து சுடுகின்றனர். பரணிலே விழித்திருந்த மனிதனுக்குப் பதிலாக, கயிற்றிலே கால் பட்டதும் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு காட்டு வழியிலே காத்திருக்கின்றது. அதற்குப் பிணையும் தெரியாது, குட்டியும் தெரியாது. விறகுக்குப் போன பெண்ணின் காலும் தெரியாது. தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் கொடுமையால் யானைக் கன்றுகள் வாய் சிதைந்து நாட்கணக்கிற் பட்டினி கிடந்து மடிகின்றன. இவற்றைச் செய்வோருட் சிலரும் ‘பரம்பரை வழக்கம்’ என்றே கூறுகின்றனர். பரம்பரையில் இருந்தது காத்திருத்தல், பங்கிடுதல். இங்கே இரண்டும் இல்லை. எஞ்சியது கொலை மாத்திரமே.

பங்கு ஏன் இல்லாமற் போயிற்று? இறைச்சிக்கு விலை வந்துவிட்டது. இரவிலே விழும் மான் விடியுமுன் நகரத்துக்குப் போய்விடுகின்றது. உண்பவர் யார்? நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரரும் வணிகரும் அதிகாரிகளுமே. இதனை எழுதும்போது நாம் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் வீட்டு விருந்திலே மான் இறைச்சி பரிமாறப்பட்டது. அது சட்டவிரோதமானதென்று அறிந்தே உண்டோம். எவ்வாறு சமைத்தனர் என்று கேட்டோம். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. தின்பவன் இல்லையெனில் விற்பவன் இல்லை என்னும் கருத்தை வள்ளுவர் அதே அதிகாரத்தில் வைத்திருக்கின்றார். அக்குறளையும் நாம் வகுப்பிலே பொருள் சொல்லித்தான் நடத்தினோம். காட்டிலே பிடிபட்ட கூலிக்காரன் தண்டப்பணம் கட்ட இயலாது மறியற்சாலைக்குப் போகின்றான். விருந்துண்டவன் வகுப்பறையில் கொல்லாமை கற்பிக்கின்றான்.

துவக்கு என்னும் சொல்லுக்கு நமது மண்ணிலே இன்னொரு பொருளும் உண்டு. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே வன்னிக் காடுகளில் மான்களைவிட மனிதரே மிகுதியாக வேட்டையாடப்பட்டனர். அந்த அப்புவின் இடியன் இன்று இல்லை. ஊரே பெயர்ந்து ஓடியபோது அது எங்கே போயிற்றென்று வீட்டாருக்குத் தெரியாது. கேப்பு வைத்திருந்த தகரப்பெட்டி ஒன்று மட்டும் எஞ்சியிருக்கின்றது. அப்பாச்சி அதிலே வெற்றிலைக்குரிய சுண்ணாம்பு வைத்திருக்கின்றார். ஒரு கோடையில், வீட்டிலே அரிசி இல்லாத நாளிலே, சினைப் பிணையொன்று கைக்கெட்டும் தூரத்தில் நின்றும் அப்பு சுடாது திரும்பினாரென்று அவர் கூறினார். அது நிகழ்ந்ததோ, குடும்பம் தன் முன்னோனுக்குச் சூட்டிய அழகோ, நாம் அறியோம். ஆனால் அக்குடும்பம் அப்பு கொன்ற மான்களின் தொகையை நினைவில் வைத்திருக்கவில்லை. கொல்லாது விட்ட ஒன்றையே மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகின்றது.

அடுத்த வாரம் வகுப்பிலே அவ்வினாவுக்கு விடை கூறினோம். “உன் அப்பு பாவியல்லர். பசித்த பிள்ளைகளுக்காகக் கொன்றார். கொன்றதை ஊருடன் பகிர்ந்தார். அவரைக் களவாளி என்றது காட்டைத் தமதாக்கிக்கொண்டவரின் சட்டம். ஆனால் அவருடைய பேரன் என்பதனால் இன்று ஒரு மானைக் கொல்லும் உரிமை உனக்கு வந்துவிடாது. அவருடைய தேவை உனக்கு இல்லை. அவர் கண்ட காடும் இன்று இல்லை. காட்டை அறியும் அறிவும், கொல்லாது திரும்பிய அந்த ஒரு நாளும் உனக்கு உரியவை. புலால் மறுத்தல் முதலிற் சொல்லப்படவேண்டியது உன் அப்புவுக்கன்று. விலைகொடுத்து வாங்கியுண்ணும் எங்களுக்கே.”

அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்பு, “அப்ப சேர், எங்கட ஊர்க் காட்டை மெசின் கொண்டுவந்து வெட்டுறவைக்கு எந்த அதிகாரத்தில சொல்லியிருக்கு?” என்று கேட்டான். இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை. அவ்வினாவுக்குரிய விடையைத் திருக்குறளின் ஓர் அதிகாரத்திலோ, வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள்ளோ மட்டும் தேடிப் பயனில்லை என்று அவனுக்குக் கூறினோம். வரும் விடுமுறையில் அவ்வூருக்கு மாணவர்களுடன் செல்வதாக இருக்கின்றோம். வெட்டப்பட்ட காட்டின் எல்லையை அளந்து, அது யாருடைய பெயரில் இருக்கின்றதென்று கேட்பதே அப்பயணத்தின் நோக்கம்.